கல்வியின் இரவுப் பாதி

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்து உளவியலாளர்களான ஜான் ஜென்கின்சும் கார்ல் டாலன்பாக்கும் 1924ஆம் ஆண்டில் ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டனர். ஆய்வுக்கு உட்பட்டோர் இருவரே. இருவரும் இறுதியாண்டு மாணவர்கள். பொருளற்ற அசைகள் பத்தினை அவர்கள் மனப்பாடம் செய்தனர். சில நாள்களில் மனப்பாடம் முடிந்ததும் உறங்கச் சென்றனர். வேறு சில நாள்களில் வழக்கமான அலுவல்களோடு விழித்திருந்தனர். எட்டு மணி நேரம் கழித்துக் கேட்டபோது, விழித்திருந்த நாள்களில் ஒன்றிரண்டு அசைகளே நினைவில் எஞ்சின. உறங்கி எழுந்த நாள்களில் ஏறத்தாழப் பாதி நிலைத்திருந்தன. படித்த அளவு ஒன்று. இடையில் கழிந்த நேரமும் ஒன்று. வேறுபட்டது உறக்கம் மட்டுமே.

இந்த ஆய்வு வெளிவந்து நூறாண்டு கடந்துவிட்டது. ஆயினும் தேர்வு நெருங்கும்போது நம் கல்லூரி மாணவர் முதலில் குறைப்பது உறக்கத்தைத்தான். ஐந்து அலகுகளையும் ஓரிரவில் முடித்துவிடலாம் என்ற துணிவில் விடுதி அறைகளில் விடியும்வரை விளக்கு எரிகிறது. கண்விழித்தவர் உழைப்பாளி, நேரத்தோடு படுத்தவர் பொறுப்பற்றவர் என்னும் எண்ணம் மாணவரிடம் மட்டுமன்றிப் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் வேரூன்றியிருக்கிறது. அறிவியல் காட்டும் உண்மையோ இதற்கு நேர்மாறானது. உறக்கம் படிப்புக்குப் பகையன்று. படித்து முடித்தபின் கிடைக்கும் வெறும் இளைப்பாறலும் அன்று. பகலில் தொடங்கிய கற்றலை இரவுதான் நிறைவு செய்கிறது. அந்தப் பின்பாதியைத் துறந்தவர் முன்பாதியின் பயனையும் இழக்கிறார்.

உறங்கும் மூளையின் வேலை

உறக்கம் என்பது மூளை செயலற்றுக் கிடக்கும் நிலை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்து 1929இல் வெளியிட்ட பிறகே, உறங்குபவரின் மூளையில் நிகழ்வதை அறிய வழி பிறந்தது. 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வு மாணவர் யூஜின் அசரின்ஸ்கியும் அவருடைய பேராசிரியர் நதானியேல் கிளைட்மனும் ஒரு புதுமையைக் கண்டறிந்து அறிவித்தனர். உறக்கத்தின் இடையிடையே மூடிய இமைகளுக்குள் விழிகள் விரைந்து அசைகின்றன. அவ்வேளையில் எழுப்பப்பட்டவர் பலரும் கனவு கண்டதாகக் கூறுகின்றனர். மூளையின் மின்னலைகளும் அப்போது விழிப்பு நிலையினதை ஒத்திருக்கின்றன. இதனை விழியசைவு உறக்கம் எனலாம்.

ஓரிரவின் உறக்கம் ஒரே சீரானதன்று. கண்ணயரும் முதல் நிலை சில நிமிடங்களே நீடிக்கும். அடுத்து வரும் இரண்டாம் நிலை இரவின் ஏறத்தாழப் பாதியைக் கொள்ளும். மூன்றாவது, மூளை முழுவதும் பெரிய மெதுவான அலைகள் எழுந்து தாழும் ஆழ்ந்த உறக்கம். அதன்பின் விழியசைவு உறக்கம் வரும். இந்தச் சுழற்சி ஒன்று முடிய ஏறக்குறைய 90 நிமிடங்கள் ஆகும். நல்லுறக்கம் உறங்குபவருக்கு ஓரிரவில் நான்கு முதல் ஆறு சுழற்சிகள் அமையும். ஆனால், எல்லாச் சுழற்சிகளும் ஒருபடித்தானவை அல்ல. ஆழ்ந்த உறக்கத்தின் பெரும்பங்கு முன்னிரவிலும், விழியசைவு உறக்கத்தின் பெரும்பங்கு விடியலை ஒட்டியும் அமைகின்றன. எனவே எட்டு மணி நேரம் உறங்க வேண்டியவர் நான்கு மணி நேரத்தில் எழுந்தால், அவர் எல்லாவற்றிலும் பாதியை இழப்பதில்லை. விழியசைவு உறக்கத்தின் மிகப் பெரும் பகுதியையே இழக்கிறார்.

இந்த நிலைகளில் மூளை என்ன செய்கிறது? புதிதாகக் கற்றவை முதலில் ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதியின் துணையோடுதான் நிலைகொள்கின்றன. அங்கே அவை நாற்றங்காலில் விட்ட நாற்றைப் போன்றவை. நெருக்கமாக, வேர் ஆழாமல் நிற்கும். அவற்றைப் பறித்து மூளையின் புறணி என்னும் வயலில் பரவலாக நடும் வேலை பெரிதும் ஆழ்ந்த உறக்கத்தில் நடக்கிறது. 1994இல் அரிசோனா பல்கலைக்கழகத்தின் மாத்யூ வில்சனும் புரூஸ் மெக்நாட்டனும் எலிகளின் ஹிப்போகேம்பஸ் நரம்பணுக்களைப் பதிவு செய்தபோது இதற்கான தடயம் கிடைத்தது. எலி ஓடித் திரிந்தபோது எந்த நரம்பணுக்கள் ஒருங்கே இயங்கினவோ, அவையே பின்னர் அது உறங்கியபோதும் ஒருங்கே இயங்கின. பகலில் பெற்ற பட்டறிவை மூளை இரவில் மீண்டும் ஓட்டிப் பார்க்கிறது. அந்த மறுபார்வைக்கு மாணவர் தனியே முயற்சி செய்ய வேண்டுவதில்லை; படுத்துறங்கினால் போதும்.

கற்றபின் மட்டுமன்று, கற்கும் முன்னும் உறக்கம் வேண்டும். ஓரிரவு முழுவதும் விழித்திருந்த இளைஞர்களிடம் மாத்யூ வாக்கர் குழுவினர் செய்து 2007இல் வெளியிட்ட மூளைப் படமெடுப்பு ஆய்வில், புதியவற்றை மனத்தில் பதிக்கும்போது ஹிப்போகேம்பசின் இயக்கம் தாழ்ந்திருந்தது. இரவெல்லாம் விழித்துவிட்டுக் காலை வகுப்பில் அமரும் மாணவர், நேற்றைய பாடத்தைச் சேமிக்கவும் தவறுகிறார். இன்றைய பாடத்தை ஏற்கவும் திணறுகிறார்.

உறக்கத்தை ஆளும் இரு விசைகள்

எப்போது உறக்கம் வரும் என்பதை இரண்டு விசைகள் முடிவு செய்கின்றன. சூரிச் பல்கலைக்கழகத்தின் அலெக்சாண்டர் போர்பேலி 1982இல் வகுத்த இக்கோட்பாடே இன்றளவும் உறக்க அறிவியலின் அடித்தளமாக விளங்குகிறது.

முதலாவது, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஏறிக்கொண்டே போகும் உறக்கத் தேவை. மூளையின் அணுக்கள் ஆற்றலைச் செலவிடும்போது அடினோசின் என்னும் வேதிப்பொருள் சேர்கிறது. அது தன் ஏற்பிகளில் சென்று பொருந்தப் பொருந்த அயர்வு மிகும். உறங்கும்போது அதன் அளவு தணியும். காப்பியிலும் தேநீரிலும் உள்ள காஃபீன் அந்த ஏற்பிகளை மறித்துக்கொள்கிறது. அடினோசின் குறைவதில்லை, அதன் குரல் மூளைக்குக் கேட்பதில்லை, அவ்வளவே. உட்கொண்ட காஃபீனில் பாதி உடலைவிட்டு நீங்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் இது பெரிதும் மாறுபடும். மாலை ஆறு மணிக்குப் பருகிய காப்பியின் பாதி வீரியம் இரவு பதினொன்றுக்கும் உடலில் உலவுகிறது. படுக்கைக்கு ஆறு மணி நேரம் முன்னரே 400 மில்லிகிராம் காஃபீன் உட்கொண்டவர்களுக்கும் உறக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைந்ததை 2013இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

இரண்டாவது, உடலுக்குள் இயங்கும் உயிர்க்கடிகாரம். இரு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறு திரள் ஒன்று உள்ளது. உடலின் வெப்பம், சுரப்பு, செரிமானம், விழிப்பு எல்லாம் அதன் தாளத்துக்கே ஒழுகுகின்றன. ஒவ்வோர் அணுவுக்குள்ளும் இக்கடிகாரத்தை ஓட்டும் மரபணுக்களின் செயல்முறையைப் பழ ஈக்களில் கண்டறிந்ததற்காக ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017இல் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இந்தக் கடிகாரத்தின் ஒரு சுற்று சரியாக 24 மணி நேரம் அன்று. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சார்ல்ஸ் செய்ஸ்லர் குழுவினர் 1999இல் அளந்து கூறியபடி, அது சராசரியாக 24 மணி 11 நிமிடம். தனித்து விட்டால் நாள்தோறும் சிறிது சிறிதாகப் பின்தங்கும். அதைத் திருத்தி வைப்பது ஒளி. விழித்திரையில் பார்வைக்கென அன்றி, ஒளியின் அளவைக் கடிகாரத்துக்கு அறிவிக்கவென்றே தனி நரம்பணுக்கள் இருப்பதை 2002இல் டேவிட் பெர்சன் குழுவினர் கண்டறிந்தனர். அவை நீல ஒளிக்கு மிகுதியாகத் துலங்குகின்றன. காலை ஒளி கடிகாரத்தை முன்னே நகர்த்தும். இரவு ஒளி அதைப் பின்னே தள்ளும். இருள் சூழும்போது சுரந்து உடலுக்கு இரவை அறிவிக்கும் மெலடோனினும் இரவில் படும் ஒளியால் தடைப்படும்.

இருபது வயதின் இரவு

கல்லூரி மாணவரின் உறக்கச் சிக்கலில் ஒழுக்கக்குறை என்று நாம் எண்ணும் பெரும்பகுதி, உண்மையில் உடற்கூற்றின் இயல்பு. பூப்புக் காலந்தொட்டே உயிர்க்கடிகாரம் பின்னோக்கி நகர்வதை அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தின் மேரி கார்ஸ்கடன் பல்லாண்டு ஆய்வுகளால் நிறுவினார். மியூனிக் பல்கலைக்கழகத்தின் டில் ரோன்னபெர்க் 2004இல் பெருந்தொகையான மக்களின் உறங்கும் நேரத்தை வயதுவாரியாக ஆராய்ந்தபோது, அந்த நகர்வு இருபது வயதையொட்டி உச்சத்தை எட்டுவதும், அதன்பின் மெல்ல மீள்வதும் தெரிந்தன. பெண்களுக்கு அவ்வுச்சம் பத்தொன்பதரை வயதளவிலும் ஆண்களுக்கு இருபத்தொன்றை நெருங்கியும் வருகிறது. மனிதர் தம் வாழ்நாளிலேயே மிகத் தாமதமாக உறங்க விழையும் ஆண்டுகள் கல்லூரி ஆண்டுகளே.

ஆகவே இரவு பத்து மணிக்குக் கண்ணயராத இளைஞரைச் சோம்பேறி என்று கடிவது முறையன்று. அதே இளைஞர் கல்லூரிப் பேருந்தைப் பிடிக்க ஐந்தரைக்கு எழ வேண்டும். நகரின் மறுகோடியில் உள்ள வளாகத்தை எட்டு மணிக்கு முன் அடைய வேண்டும். உடல் தாமதமாக உறங்கச் சொல்கிறது. ஊர் விரைவாக எழச் சொல்கிறது. இவ்விரண்டுக்கும் இடையில் உறக்கம் நசுங்குகிறது. 18 முதல் 25 வயதினர்க்கு நாளொன்றுக்கு 7 முதல் 9 மணி நேர உறக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தேசிய உறக்க அறக்கட்டளை 2015இல் வெளியிட்ட பரிந்துரை. ஒரு மணிக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுபவருக்குக் கிடைப்பது நாலரை மணி நேரம்.

நம் வீடுகளில் வழங்கும் ஓர் அறிவுரையையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து படித்தால் மனத்தில் ஆழப் பதியும் என்பர். ஒன்பது மணிக்கே உறங்கிவிடுபவருக்கு அது பொருந்தும். பன்னிரண்டு மணிக்குப் படுத்தவரை நான்கு மணிக்கு எழுப்பினால், அவருக்கு மிஞ்சுவது விழியசைவு உறக்கம் வெட்டுண்ட ஒரு குறை இரவுதான். எழும் நேரத்தை மட்டும் முன்னிழுக்கும் அறிவுரை, படுக்கும் நேரத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும்.

வார நாள்களில் இழந்ததை வார இறுதியில் ஈடுகட்ட முயல்வது இயல்பே. ஒரு மாணவர் வார நாள்களில் இரவு ஒரு மணி முதல் காலை ஆறரை வரையும், ஞாயிறன்று மூன்று மணி முதல் பதினொரு மணி வரையும் உறங்குவதாகக் கொள்வோம். அவருடைய உறக்கத்தின் நடுப்புள்ளி 3.45இலிருந்து 7 மணிக்கு நகர்ந்துவிடுகிறது. மூன்றேகால் மணி நேரம் மேற்கே தள்ளியுள்ள நாட்டுக்கு வாரந்தோறும் பறந்து திரும்புபவரின் உடற்குழப்பம், ஊரைவிட்டு நகராமலே அவருக்கு நேர்கிறது. திங்கட்கிழமை முதல் வகுப்பில் தலை கவிழ்வதன் வேர் இங்கே இருக்கிறது.

கடன் ஏறுவது தெரியாமல் ஏறும்

சிறுகச் சிறுக இழக்கும் உறக்கம் பெரிய தீங்கு செய்யாது என்ற நம்பிக்கையைப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஹான்ஸ் வான் டோங்கன், டேவிட் டிங்கஸ் குழுவினர் 2003இல் தகர்த்தனர். உடல்நலமுள்ள இளையோரைப் பதினான்கு நாள் தொடர்ந்து, ஒரு பிரிவினரை நான்கு மணி நேரமும் மற்றொரு பிரிவினரை ஆறு மணி நேரமும் இன்னொரு பிரிவினரை எட்டு மணி நேரமும் படுக்கையில் இருக்கச் செய்தனர். குறைவாக உறங்கிய இரு பிரிவினரின் கவனமும் நினைவும் நாளுக்கு நாள் சரிந்து, முழு இரவும் உறங்காதவரின் நிலைக்கு ஒப்பாயின. இதனினும் கவலைக்குரியது ஒன்று உண்டு. தமக்குள்ள அயர்வை அவர்கள் மதிப்பிட்டபோது, சில நாள்களுக்குப் பின் அது பெரிதாகக் கூடவில்லை என்றே கூறினர். திறன் சரிந்துகொண்டே போக, சரிகிறது என்னும் உணர்வு நின்றுவிட்டது. 'எனக்கு ஐந்து மணி நேரம் போதும். பழகிவிட்டது' என்று சொல்லும் மாணவர் பொய் சொல்லவில்லை. தம் நிலையை எடைபோட வேண்டிய மூளையே உறக்கமிழந்த மூளை என்பதுதான் சிக்கல்.

இந்த இழப்பு தேர்வறையோடு நிற்பதில்லை. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயல்திறன், குருதியில் 0.05 விழுக்காடு மது கலந்தவரின் செயல்திறனை ஒத்திருப்பதை ஆஸ்திரேலியாவின் ட்ரூ டாசனும் கேத்ரின் ரீடும் 1997இல் அளந்து காட்டினர். இந்தியாவில் வண்டியோட்டுபவருக்குச் சட்டம் வகுத்துள்ள எல்லை 100 மில்லிலிட்டர் குருதிக்கு 30 மில்லிகிராம், அதாவது 0.03 விழுக்காடு. காலை ஆறு மணிக்கு எழுந்து, இரவு பதினொரு மணிக்கு மேல் நண்பரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு இருசக்கர வண்டியில் நெடுஞ்சாலை ஏறும் மாணவர், ஒரு சொட்டும் குடிக்காமலே அந்த எல்லையைத் தாண்டியவரின் நிலையில் இருக்கிறார்.

நோய் எதிர்ப்பும் குன்றுகிறது. நல்வாழ்வுடைய 164 பேரின் உறக்கத்தை ஒரு வாரம் அளந்தபின் அவர்களின் மூக்கில் சளி நுண்மத்தைச் செலுத்தி ஆராய்ந்த 2015ஆம் ஆண்டு ஆய்வில், ஆறு மணி நேரத்துக்கும் குறைவாக உறங்கியோர், ஏழு மணி நேரத்துக்கு மேல் உறங்கியோரைவிட நான்கு மடங்குக்கு மேல் சளிக்கு ஆளாகக்கூடியவர்களாக இருந்தனர். பலர் ஒன்றாய்த் தங்கும் விடுதிகளில் இதன் விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

தேர்வுக்கு முந்தைய இரவா, முந்தைய மாதமா?

மதிப்பெண்ணுக்கும் உறக்கத்துக்கும் உள்ள தொடர்பை நேரே அளந்த ஆய்வுகள் அண்மையில் பெருகியுள்ளன. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் வேதியியல் பாடம் பயின்ற 88 மாணவரின் உறக்கத்தை மணிக்கட்டுக் கருவிகளால் ஒரு பருவம் முழுவதும் பதிவு செய்து, அதன் முடிவை 2019இல் வெளியிட்டனர். மாணவரிடையே காணப்பட்ட மதிப்பெண் வேறுபாட்டில் ஏறத்தாழக் கால்பங்கு உறக்கத்தின் அளவு, தரம், சீர்மை ஆகியவற்றோடு தொடர்புற்றிருந்தது. ஆனால், தேர்வுக்கு முந்தைய ஓரிரவின் உறக்கத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு தென்படவில்லை. அதற்கு முந்தைய வாரம், மாதம் முழுவதும் உறங்கிய உறக்கமே தொடர்பு காட்டியது. பாடம் கற்கப்பட்ட நாள்களின் இரவுகளே அந்தப் பாடத்துக்கு உரியவை என்று இதனைப் புரிந்துகொள்ளலாம்.

ஹார்வர்டில் 61 மாணவரை 30 நாள் ஆராய்ந்து 2017இல் வெளியிட்ட ஆய்வு, சீர்மையின் இன்றியமையாமையைக் காட்டியது. ஒழுங்காக உறங்கியோரும் ஒழுங்கற்று உறங்கியோரும் சராசரியாக உறங்கிய நேரம் ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் ஒழுங்கற்றோரின் மதிப்பெண் தாழ்ந்திருந்தது; அவர்களுக்கு மெலடோனின் சுரப்பு இரண்டரை மணி நேரம் பிந்தித் தொடங்கியது. 2023இல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் டேவிட் கிரெஸ்வெல் குழுவினர், மூன்று பல்கலைக்கழகங்களின் அறுநூற்றுக்கும் மேற்பட்ட முதலாண்டு மாணவரை ஆராய்ந்தனர். பருவத் தொடக்கத்தில் இரவு உறக்கம் சராசரியாக ஒரு மணி நேரம் குறைந்தால், பருவ இறுதித் தரப்புள்ளி 0.07 அளவு குறைந்திருந்தது; ஆறு மணி நேரத்துக்குக் கீழே இறங்கியோரிடம் சரிவு தெளிவாகப் புலப்பட்டது. இவ்வாய்வுகள் தொடர்பைக் காட்டுவன. காரணத்தைத் தாமே நிறுவுவன அல்ல. எனினும், உறக்கத்தைக் குறைத்தும் கூட்டியும் செய்த ஆய்வகச் சோதனைகளும் அதே திசையையே சுட்டுவதால், இவற்றை ஒதுக்கிவிட முடியாது.

பழக்கமும் நோயும்

எல்லா உறக்கக் குறைவும் பழக்கத்தால் வருவதன்று. உறங்கப் போதிய நேரமும் அமைதியும் இருந்தும், வாரத்தில் மூன்று இரவுக்குக் குறையாமல் மூன்று மாதம் தொடர்ந்து உறக்கம் வாராமலோ நிலைக்காமலோ இருந்து, அதனால் பகற்பொழுதும் கெடுமானால் அது நாட்பட்ட உறக்கமின்மை. இதற்கு முதல் மருத்துவம் மாத்திரையன்று. உறக்கம் பற்றிய அச்சத்தையும் தவறான பழக்கங்களையும் படிப்படியாக மாற்றும் அறிதல்–நடத்தை மருத்துவமே முதலில் வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கன்றி உறக்கமே வாராமல், விட்டால் நண்பகல்வரை நன்றாக உறங்குபவருக்கு இருப்பது உறக்கமின்மையன்று, கடிகாரப் பிறழ்வு. அதற்குத் தீர்வு காலை ஒளியும், மருத்துவர் வழிகாட்டலில் நேரம் பார்த்துத் தரும் மெலடோனினும்.

உரத்த குறட்டையும் இடையில் மூச்சுத் தடையும் இருந்தால், எத்தனை மணி நேரம் உறங்கினாலும் பகலில் அயர்வு நீங்காது. இரவில் கால்களை அசைத்தே ஆக வேண்டும் என்னும் தவிப்புக்கு இரும்புச்சத்துக் குறைவு ஒரு காரணமாகலாம். இந்தியாவில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர்க்குக் குருதிச்சோகை உண்டு என்பது 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின் முடிவு. கல்லூரி மாணவியர் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும். போதிய உறக்கத்துக்குப் பின்னும் வகுப்பில் அடக்க முடியாமல் உறக்கம் மேலிட, சிரிக்கும்போது உடல் திடீரெனத் தளர்ந்து போவதும் சேர்ந்தால், அது நார்கோலெப்சி என்னும் நரம்பு நோயாக இருக்கலாம். அது பெரும்பாலும் இளம்பருவத்தில்தான் தலைகாட்டும். அத்தகையவரைத் தூங்குமூஞ்சி என்று எள்ளுவது நோயாளியை எள்ளுவதாகும்.

விடுதி மாணவர் பலரை அச்சுறுத்தும் மற்றொன்றும் உண்டு. நள்ளிரவில் விழிப்பு வரும்; கண் திறக்கும்; ஆனால் கைகால் அசையாது. மார்பின் மேல் ஏதோ அமர்ந்து அழுத்துவது போலிருக்கும். இதனை அமுக்குவான் பேய் என்பர் நம் ஊர்களில். விழியசைவு உறக்கத்தின்போது கனவுக்கேற்ப உடல் அசைந்துவிடாதபடி மூளைத்தண்டு தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. அந்தத் தளர்வு நீங்குமுன் விழிப்பு வந்துவிட்டால் இந்நிலை நேரும். சில நொடிகளிலோ நிமிடங்களிலோ தானே விலகும். உறக்கக் குறைவும், ஒழுங்கற்ற உறக்க நேரமும், மல்லாந்து படுப்பதும் இதனைத் தூண்டும். இதற்கு வேண்டியது மந்திரிப்பு அன்று, சீரான உறக்கம்.

உறக்கக் கேடு மனச்சோர்வின் அறிகுறியாகவும் வரும். அதன் காரணமாகவும் அமையும். வாரக்கணக்கில் உறக்கம் கெட்டு, எதிலும் நாட்டமின்றி, வாழ்வே சுமையெனத் தோன்றும் மாணவர் தனித்துத் தவிக்க வேண்டியதில்லை. நடுவணரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416ஐ எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

கைக்கொள்ளத் தக்கவை

நல்லுறக்கத்துக்கான நெறிகளில் தலையாயது, எழும் நேரத்தை ஒன்றாக வைத்திருப்பது. படுத்ததும் உறங்க வேண்டும் என்பது நம் கட்டளைக்கு அடங்காது, எழுவது அடங்கும். ஞாயிறன்றும் வழக்கத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பிந்தாமல் எழுந்து, அரை மணி நேரம் வெளியொளியில் நடந்தால், அன்றிரவு உறக்கம் தானே முன்னதாக வரும். கடிகாரம் பிந்திய இருபது வயதினர்க்குக் காலை வெயிலே முதல் மருந்து.

நண்பகலுக்குப் பின் காப்பி, தேநீர், ஊக்கப் பானங்களைத் தவிர்ப்பது நன்று. அயர்வு மிகுந்தால் பிற்பகல் மூன்று மணிக்குமுன் இருபது நிமிடம் கண்ணயரலாம். அதற்கு மேல் நீண்டால் ஆழ்ந்த உறக்கத்தில் மூழ்கி, எழும்போது மந்தமும், இரவில் உறக்கத் தடையும் வரும்.

கைப்பேசியைப் பொறுத்தவரை ஒளி மட்டுமே குற்றவாளியன்று. உறங்குமுன் ஒளிரும் திரையில் நூல் படித்தவர்களுக்கு, அச்சு நூல் படித்த நாள்களைவிட உறக்கம் வரச் சராசரியாகப் பத்து நிமிடம் கூடுதலாயிற்று. உயிர்க்கடிகாரம் ஒன்றரை மணி நேரம் பிந்தியது. இது பன்னிருவரிடம் செய்து 2015இல் வெளியிட்ட சிறிய ஆய்வின் முடிவு. நடைமுறையில் இதனினும் பெரிய கேடு, முடிவே இல்லாமல் ஓடும் காணொளிகளும் குழுக்களின் செய்திகளும் படுக்கும் நேரத்தையே விழுங்கிவிடுவது. இரவில் கைப்பேசியைக் கட்டிலிலிருந்து எட்டாத தொலைவில் வைத்து, எழுப்புமணிக்குத் தனிக் கடிகாரம் வைத்துக்கொள்வதே எளிய வழி.

விடுதி அறையில் கட்டிலே மேசை, கட்டிலே உணவிடம், கட்டிலே அரட்டைத் திண்ணை. நாள் முழுவதும் விழித்துக் கிடந்த இடத்தில் இரவில் உறக்கத்தை எதிர்பார்த்தால் மூளை இணங்குவதில்லை. படுக்கையை உறக்கத்துக்கே உரியதாக்க வேண்டும் என்று ரிச்சர்டு பூட்சின் 1972இல் வகுத்த முறை இன்றும் பயன் தருகிறது. படிப்பை நூலகத்துக்கோ நாற்காலிக்கோ மாற்றுங்கள். படுத்து இருபது நிமிடம் போலாகியும் உறக்கம் வராவிட்டால் எழுந்து, மங்கிய ஒளியில் அமைதியான ஏதேனும் செய்து, கண் சொருகும்போது மீளுங்கள். புரண்டுகொண்டே மணி பார்ப்பது உறக்கத்தை மேலும் விரட்டும்.

உறக்கம் வருவதற்கு உடலின் உள்வெப்பம் சற்றுத் தணிய வேண்டும். படுக்கைக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன் வெதுவெதுப்பான நீரில் குளித்தால் தோலுக்குக் குருதி பெருகி உள்வெப்பம் வெளியேறும். சித்திரை வெயில் அடங்காத அறைகளில் காற்றோட்டமும் கொசுவலையும் உறக்கக் கருவிகளே என்று கொள்ள வேண்டும்.

படிப்பு முறையையும் உறக்கத்தோடு இணைத்து வகுக்கலாம். ஒரு பாடத்துக்கு எட்டு மணி நேரம் உண்டென்றால், அதை ஓரிரவில் கொட்டுவதைவிட நான்கு மாலைகளுக்கு இரண்டிரண்டு மணி நேரமாகப் பகிர்வது மேல். ஒவ்வொரு பகுதிக்குப் பின்னும் ஓர் இரவு வருகிறது. அதே அளவு முயற்சியில் நான்கு முறை நினைவு ஊன்றும் வாய்ப்புக் கிடைக்கிறது.

கல்லூரிகளின் கடமை

இவ்வளவும் மாணவர் செய்யத்தக்கவை. ஆனால், முதல் வகுப்பின் நேரத்தை மாணவர் முடிவு செய்வதில்லை. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் மாணவரின் கம்பியில்லா இணையப் பதிவுகளையும் உறக்கக் கருவிகளின் அளவீடுகளையும் கொண்டு செய்து 2023இல் வெளியிட்ட ஆய்வு, காலை எட்டு மணி வகுப்புகளுக்கு வருகை பத்து விழுக்காட்டளவு குறைந்ததையும், பல மாணவர் அவ்வகுப்பு நேரத்திலும் உறங்கிக் கொண்டிருந்ததையும், காலை வகுப்புகள் மிகுந்தவர்களின் தரப்புள்ளி தாழ்ந்ததையும் எடுத்துக்காட்டியது. கலிபோர்னியா மாநிலம் உயர்நிலைப் பள்ளிகள் காலை எட்டரைக்கு முன் தொடங்கலாகாது என்று சட்டமியற்றி, 2022 முதல் நடைமுறைப்படுத்தியுள்ளது. பள்ளிச் சிறுவருக்குப் பொருந்தும் அறிவியல், அவரினும் பிந்திய கடிகாரம் கொண்ட கல்லூரி மாணவருக்கு இன்னும் பொருந்தும்.

பெரும் செலவின்றியே பல செய்யலாம். முதல் வகுப்பை ஒன்பது மணிக்கு மாற்றலாம். முடியாத இடத்தில் கடினமான பாடங்களையேனும் முற்பகலின் பிற்பகுதிக்கு நகர்த்தலாம். இணையவழி ஒப்படைப்புகளுக்கு நள்ளிரவைக் கெடுவாக வைப்பது, மாணவரை நள்ளிரவு வரை விழித்திருக்குமாறு நிறுவனமே அழைப்பதாகும். கெடுவை மாலை ஆறு மணிக்கு வைத்தால் அந்த அழைப்பு நின்றுவிடும். விடுதிகளில் பதினொரு மணிக்குப் பின் அமைதி நேரமும், இரவில் படிப்போர்க்குத் தனி அறையும் அமைக்கலாம். புதிதாகச் சேரும் மாணவருக்கு வளாகத்தைச் சுற்றிக் காட்டும் முதல் வாரத்தில், உறக்கம் பற்றி ஒரு மணி நேரப் பாடம் நடத்தலாம். தாம் நான்கு மணி நேரமே உறங்கி முன்னேறியதாகப் பெருமை பேசுவதை ஆசிரியர்கள் விட்டுவிடலாம்.

பருவத் தேர்வெழுத 75 விழுக்காடு வருகை வேண்டும் என்று நம் கல்லூரிகள் கணக்குப் பார்க்கின்றன. வகுப்பில் உடல் இருந்ததா என்பதை அந்தக் கணக்குக் காட்டும். மூளை விழித்திருந்ததா என்பதைக் காட்டாது. அடுத்த பருவத்தின் கால அட்டவணையை வகுக்க அமரும் துறைத்தலைவர்கள், அறைகளும் ஆசிரியர்களும் எத்தனை என்று எண்ணுவதோடு, மாணவர் எந்நேரம் உறங்கி எந்நேரம் எழ வேண்டியிருக்கும் என்பதையும் எண்ணட்டும். ஏழு மணி நேர உறக்கத்துக்கு இடம் தராத அட்டவணை, பாடத்திட்டத்தின் பாதியை நடத்தாமல் விட்ட அட்டவணையே.